நிக்கானோரின் குளியல் குடிசைக்குப் பின்னால் நின்ற லாரி

நிக்கானோர் எங்கள் அணையில் பனிக்கட்டி உடைப்பவர். மதகுகளில் பனி ஏறினால் கடப்பாறையோடு அவரைத்தான் இறக்குவார்கள். ஒரு மதகுக்கு அவருக்கு அரை நாள் போதும்.

அணையின் நீர்மின் நிலையம் நாட்டிலேயே பெரியவற்றில் ஒன்று. அங்கே பிறக்கும் மின்சாரம் தடித்த கம்பிகளில் ஏறி, எங்கள் கெத்ரோவ்கா கிராமத்துக் கூரைகளைத் தாண்டி, அலுமினிய ஆலைக்குப் போகும். கூரைகளுக்குக் கீழே நாங்கள் மண்ணெண்ணெய் விளக்கு ஏற்றுவோம். ஈரமான நாட்களில் கம்பிகள் தலைக்கு மேல் ரீங்காரம் போடும். அது எங்கள் பங்கு.

சிறந்த தொழிலாளி என்று நிக்கானோருக்கு ஒருமுறை குளிர்சாதனப் பெட்டி பரிசளித்தார்கள். அவர் மனைவி உஸ்தீன்யா அதில் துணியும் நூலும் வைத்தாள். நிலையத்து ஆட்களுக்குப் பஞ்சுக் கையுறை தைப்பது அவள் வேலை. குளிர்காலத்தில் சீக்கிரமே இருட்டிவிடும். அவள் கண் மங்கிக்கொண்டே வந்தது. ஊசியில் நூல் கோக்கப் பக்கத்து வீட்டிலிருந்து என்னைக் கூப்பிடுவாள்.

நிலையத்து உணவகத்தில் நான் தட்டுக் கழுவுவேன். துணை இயக்குநர் க்ளேப் அர்க்காதியெவிச் சாப்பிட உட்காரும்போதெல்லாம் நிக்கானோர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து நிற்பார்.

"கம்பி என் கூரை மேலதானே போகுது. ஒரு பல்புக்காவது குடுங்களேன். அவ கண்ணு போயிட்டிருக்கு."

"அது உங்க வீட்டுக்கு ரொம்பப் பெரிய மின்சாரம், நிக்கானோர் லூகிச். அதைச் சின்னதாக்கத் தனியா ஒரு நிலையம் கட்டணும். திட்டத்துல இல்ல." பிறகு சூப்பில் ரொட்டியை நனைப்பார்.

ஜனவரியில் மாஸ்கோவிலிருந்து ஒரு குழு வருவதாகச் செய்தி வந்தது. அணை மேல் நின்றால் எங்கள் ஊர் இருட்டாகத் தெரியும். அது க்ளேப் அர்க்காதியெவிச்சுக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டுக்கு வீடு பல்பு மாட்டினார்கள். டீசல் ஜெனரேட்டர் ஏற்றிய லாரியும் வந்தது.

"இதை எங்க மறைக்கிறது?" என்றார் க்ளேப் அர்க்காதியெவிச்.

"என் குளியல் குடிசைக்குப் பின்னால விடுங்க. மேலேருந்து தெரியாது," என்றார் நிக்கானோர்.

அன்று சனிக்கிழமை, ஊரே குளிக்கும் நாள். நிக்கானோர் தன் குளியல் குடிசையில் அடுப்பு மூட்டித் தெருவையே அழைத்தார். லாரி ஓட்டுநரும் குளித்தார், குடித்தார், தூங்கினார். குளித்த தண்ணீரெல்லாம் பலகைக்கு அடியில் வழிந்து பின்பக்கம் சக்கரங்களைச் சுற்றித் தேங்கியது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது டிகிரி.

அன்றிரவு மாஸ்கோ விருந்தினர்கள் அணை மேலிருந்து எங்கள் வெளிச்சத்தைப் பார்த்துக் கைதட்டினார்களாம். காலையில் லாரி அசையவில்லை. சக்கரங்கள் பாதிவரை கல்லாகிவிட்ட பனிக்குள் இருந்தன.

"உடைங்க. அதானே உங்க வேலை?" என்றார் க்ளேப் அர்க்காதியெவிச்.

"உடைக்கிறேன். டயர் கிழியாம உடைக்கணும். அரசாங்கச் சொத்து பாருங்க."

எங்கள் பக்கத்தில் குளிர்காலத்தில் எஞ்சினை நிறுத்த மாட்டார்கள். உறைந்து வெடித்துவிடும். அதனால் லாரியும் ஜெனரேட்டரும் ஓடிக்கொண்டே இருந்தன. நிலையம் டீசல் அனுப்பியது. எங்கள் பல்புகள் எரிந்தன. நிக்கானோர் தினமும் கடப்பாறையால் பனியை மெல்லத் தட்டுவார், தூங்குகிற ஆளை எழுப்புவதுபோல. சனிக்கிழமை மறுபடி எல்லாரும் குளிப்போம்.

"குளிக்கிறதை நிறுத்துங்கய்யா," என்றார் க்ளேப் அர்க்காதியெவிச்.

"சுத்தமா இருங்கன்னு நீங்கதானே சுவரொட்டி ஒட்டினீங்க."

அந்தக் குளிர்காலம் முழுக்க உஸ்தீன்யா என்னைக் கூப்பிடவில்லை. எனக்கு அது கொஞ்சம் குறையாகத்தான் இருந்தது.

மே மாதம் பனி உருகியது. லாரி போனது, வெளிச்சமும் போனது. நிக்கானோர் மறுபடி தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

"உங்க ஊர்ல விளக்கு எரியுதுன்னு மாஸ்கோவே கண்ணால பார்த்தாச்சு," என்றார் க்ளேப் அர்க்காதியெவிச். "விளக்கு எரியிற ஊருக்கு இன்னொரு தடவை எப்படிக் கேக்கிறது?"

நிக்கானோர் தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

நவம்பரில் க்ளேப் அர்க்காதியெவிச் தானாகவே அவர் வீட்டுக்கு வந்தார். வெளிச்சமான அந்த ஊரைப் பார்க்க இன்னொரு குழு வருகிறதாம்.

"இந்தத் தடவை லாரியை வேற எங்கயாவது விடலாமா?"

"விடலாம். ஆனா மத்த இடமெல்லாம் மேலேருந்து தெரியுமே," என்றார் நிக்கானோர்.

லாரி பின்பக்கம் போய் நின்றது. அன்று செவ்வாய்க்கிழமை. இருந்தாலும் அவர் குளியல் குடிசையின் புகைபோக்கியில் புகை வர ஆரம்பித்தது. நானும் துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.