அல்கோல் மங்கிய திருநாள்

பெரியப்பாவின் வெள்ளைச் சட்டைப் பையில் பேனா இருந்து நான் கண்டதில்லை. மற்றவர்கள் பேனா செருகும் இடத்தில் அவர் கரண்ட் பார்க்கும் டெஸ்டரைச் செருகியிருப்பார். பூசைக்கும் அதுதான், கலியாணத்துக்கும் அதுதான். தமிழ்நாட்டு அகதி முகாமில் இருந்த காலத்தில் திருவிழாப் பந்தல்களுக்கு விளக்குக் கட்டப் பழகியவர். பேசாலைக்குத் திரும்பி வந்த பிறகு எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் திருநாள் வெளிச்சம் முழுவதும் அவர் பொறுப்பு. கோபுர உச்சியிலிருந்து கொடிமரம் வரை சரவிளக்கு. அதற்கென்று தனி ஜெனரேற்றர். அவர் கட்டிய விளக்கு ஆராதனை நேரத்தில் ஒருநாளும் நின்றதில்லை என்பதை ஊரில் வேறு யாரும் சொல்லத் தேவைப்படவில்லை. அவரே போதுமான அளவு சொல்லிவிடுவார்.

பல்கலைக்கழகக் கடைசி ஆண்டில் என் ஆய்வு ஒளி மாறும் விண்மீன்கள் பற்றியது. என் பங்குக்கு வந்தது அல்கோல். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று நெருங்கிச் சுற்றுகின்றன. மங்கலானது பிரகாசமானதை மறைக்கும் சில மணி நேரத்துக்கு வெளிச்சம் குறையும். மூன்று நாளுக்கு ஒருமுறை போல இது நடக்கும். ஆனால் பகலில் நடந்தால் பயனில்லை. விடியப்புறம் நடந்தால் அல்கோல் அதற்குள் கடலில் இறங்கிவிடும். மாலையில் நடந்தபோதெல்லாம் மாரி முகில் மூடியிருந்தது. வெளிச்சம் இறங்கும் பக்கமும் ஏறும் பக்கமும் வேறு வேறு நாட்களில் படமாகக் கிடைத்திருந்தன. வெளிச்சம் மிகக் குறைந்து நிற்கும் அடிமட்டம் மட்டும் இல்லை. அது இல்லாமல் ஆய்வு இல்லை. ஒப்படைக்கும் நாளுக்கு முன் மிச்சமிருந்தது ஒரே ஒரு மாலை. அது திருநாளுக்கு முதல்நாள், வெஸ்பர் ஆராதனை நடக்கும் மாலை. நான் கமரா வைக்கும் பெரியப்பா வீட்டு மொட்டைமாடிக்கு நேர் எதிரே கோபுரம்.

அந்தக் கோபுர வெளிச்சத்திலிருந்து தப்பும் வழிகளை வரிசைப்படுத்தினேன். முதலாவது, முருங்கன் வயல்வெளி: திரும்பி வர பஸ் இல்லை, அம்மாவின் சம்மதமும் இல்லை. இரண்டாவது, கடற்கரை: அங்கே மீன்வாடி விளக்குகள். மூன்றாவது, பெரியப்பாவைக் கேட்பது. முதல் இரண்டையும் மறுபடி ஒருமுறை யோசித்துவிட்டுத்தான் மூன்றாவதுக்குப் போனேன்.

“எவ்வளவு காலமாய் அந்த வெள்ளி மங்குது?” என்று கேட்டார் பெரியப்பா.

“ஆயிரக்கணக்கான வருசமாய்.”

“ஒருத்தரும் பார்க்கேல்லையோ? ரெண்டு பல்ப்பை ஒரு லைனில போட்டிருப்பினம். ஒண்டு மற்றதை இழுக்குது.”

“இல்லைப் பெரியப்பா. ஒண்டு மற்றதுக்கு முன்னால வருது. அவ்வளவுதான்.”

“அப்ப பழுதில்லை.”

“பழுதில்லை.”

“பழுதில்லாத லைற்றை ஏன் பிள்ளை மினக்கெட்டுப் பார்க்கிறாய்?”

கோபுர விளக்கைக் கொஞ்ச நேரம் அணைக்க முடியுமா என்று கேட்டதும், பீடத்தில் நிற்கும் புனிதரின் சுருவத்தைக் கழற்றித் தரச் சொன்னதுபோல என்னைப் பார்த்தார். “வெஸ்பரிலயோ? உன்ர வெள்ளியை அடுத்த கிழமை மங்கச் சொல்லு.”

“அடுத்த கிழமை மங்கினா நான் பெயில், பெரியப்பா.”

வயர் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வெஸ்பர் மாலை வானம் துடைத்ததுபோல இருந்தது. அல்கோல் மங்கிக்கொண்டே வந்தது. கோபுர வெளிச்சத்தில் என் படங்கள் எல்லாம் பால் கொட்டியதுபோல வெளுத்திருந்தன. கோயிலில் பாட்டு உச்சத்துக்கு ஏறும்போது கோபுரம் அணைந்தது. கோயில் வளவில் நின்ற சனமெல்லாம் ஒரு மூச்சு விட்டது. என் கைத்தொலைபேசி அடித்தது.

“இவ்வளவு நேரம் காணுமோ?” என்றார் பெரியப்பா.

“இன்னும் கொஞ்சம்.”

அவருக்குப் பின்னால் யாரோ சத்தம் போட்டார்: “என்னண்ணை, உங்கட நல்ல பேர் கடலோட போச்சோ?”

“டீசலில தண்ணி,” என்று அந்த ஆளுக்குச் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “எத்தினை படம் வேணும்?”

“பத்து.”

“சுவாமி வாறார். எட்டோட முடி.”

பங்குச்சுவாமியிடமும் அவர் அதே டீசல் கதையைச் சொல்வது கேட்டது. அந்த விசாரணை நீண்டதால் எனக்குப் பத்துப் படங்களும் கிடைத்தன.

நான் சித்தியடைந்தேன். அடுத்த வருடம் திருநாள் கமிட்டி பெரியப்பாவைக் கேட்காமல் மன்னார் ரவுனிலிருந்து ஆள் பிடித்தது. போய் உண்மையைச் சொல்கிறேன் என்றேன். அவர் விடவில்லை. “நான் சுவாமிக்குப் பொய் சொல்லிப்போட்டன். நீ அதை வெளியில விட்டா ரெண்டு பேரும் பாவசங்கீர்த்தனத்துக்கு நிக்கவேணும்.” அதன் பிறகு ஒவ்வொரு திருநாளுக்கும் முதல் வரிசைக் கதிரையில் உட்கார்ந்து, புது ஆளின் பல்ப் வரிசை கோணல் என்று பக்கத்தில் இருப்பவர்களுக்கு விளக்குவதே அவர் வேலையாயிற்று.

இப்போது நான் குளிரூட்டிய அறையில் வேலை செய்கிறேன். விண்கலம் அனுப்பும் அளவீடுகளில் ஒளி மாறும் விண்மீன்கள் நூற்றுக்கணக்கில் வருகின்றன. எதற்கும் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. இந்த வருடத் திருநாளுக்கு ஊருக்குப் போயிருந்தேன். மாற்றலாகிப் போயிருந்த அந்தப் பழைய பங்குச்சுவாமியையும் அழைத்திருந்தார்கள். வெஸ்பர் நடுவில் ஊர் முழுக்கக் கரண்ட் போனது; புது ஆள் ஜெனரேற்றர் வைத்திருக்கவில்லை, கோபுரமும் அணைந்தது. பாட்டு நின்றது. என் பக்கத்துக் கதிரையிலிருந்து பெரியப்பா எழுந்து, எல்லோருக்கும் கேட்கும்படி நிதானமாகச் சொன்னார்:

“இந்த முறை நான் இல்லை.”

பிறகு பீடத்தின் பக்கமிருந்து, மைக் இல்லாமல், பழைய சுவாமியின் குரல் வந்தது. “அப்ப அந்த முறை?”

பெரியப்பா மெல்ல உட்கார்ந்து என் முழங்கையைத் தட்டினார்.

“பிள்ளை, எழும்பிச் சொல்லு.”

எழுந்து நின்றேன். கரண்ட் வருவதற்குள் ஒரு பங்கின் சனம் முழுவதற்கும் இரட்டை விண்மீன்களை விளக்க வேண்டியிருந்தது.