சுண்ணாம்புப் புள்ளி

எட்டாம் வகுப்போடு நின்றவன் பத்திரிகைக்கு எழுதத் துணிந்ததை ஊரார் பொறுத்துக்கொள்ள வேண்டும். நேரில் பேசக் கூசுகிறவனுக்கு வேறு வழியில்லை.

கண்டியில் நான் வேலை பார்க்கும் தந்தச் சாமான் கடையில் சில வாரங்களாக ஒரு விசித்திர ஓசை. "எ-லெ-ஃபான்-தே" என்று சொல்லி, 'ஃபான்' வரும்போது மேசையைத் தட்டுவோம். ஸ்பானிய மொழியில் யானைக்கு அதுதான் பெயர். ஸ்பெயினின் தெனெரீபே தீவில் முதலாளிக்கு ஒரு கிளை இருக்கிறது. அங்கே கடையாட்கள் எங்கள் இருவரில், மொழிப் பரீட்சையில் தேறுகிற ஒருவர் போகவேண்டும். பன்னிரண்டு வருடமாக நான் காணாத என் அண்ணன் அந்தக் கிளையில்தான் இருக்கிறார்.

பாடம் சொல்ல வந்தவர் கப்பல் வேலையை விட்ட ஒரு ஸ்பானியர். முதல் நாள் அவர் மேசையைத் தட்டியதும் கோபம் என்றெண்ணி எழுந்து நின்றேன். பாடம் போதுமென்கிறேன் என்று நினைத்து, அவர் கைகுலுக்கிவிட்டுப் போய்விட்டார்.

திருநெல்வேலிப் பள்ளியில் செய்யுளை அசை பிரிப்பதில் நான் கெட்டிக்காரன். இங்கேயும் சொற்களை வெட்டிவிடுவேன். எந்தத் துண்டை அழுத்துவது என்பதுதான் பிடிபடவில்லை.

"அண்ணாச்சி, எல்லாத்துக்கும் ஒரே மரியாதை குடுக்கிறீங்க. ஒண்டத் தூக்கிக் கதிரையில வைங்களேன்" என்று நாற்காலியைக் காட்டிச் சிரிப்பார் கூட வேலை செய்யும் கம்பளை ஹனீபா.

பரீட்சைக்கு முதல் நாள், நான் சொற்களை எழுதிவைத்திருந்த பழுப்புப் பொட்டலத் தாளில் வெற்றிலைச் சுண்ணாம்பால் புள்ளிகள் இருந்தன. அழுத்தும் இடங்களை ஹனீபா குறித்திருந்தார். எல்லாம் கடைசிக்கு முந்திய அசையில். தந்தத்துக்கான 'மர்-ஃபில்' ஒன்றில் மட்டும் கடைசி அசையில். போட்டிக்கு நிற்பவர் எனக்கு ஏன் உதவவேண்டும்? நடுவில் ஒரு பொய்யை வைத்திருக்கிறார் என்று முடிவு செய்தேன். அந்தப் புள்ளியை நகத்தால் சுரண்டி, முன்னால் 'மர்' மேல் வைத்தேன்.

பரீட்சையில் ஸ்பானியர் அந்தச் சொல்லையே மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் 'மர்' என்பதை அழுத்தினேன். ஹனீபா ஒரே தரத்தில் சரியாகச் சொன்னார். விற்கிற பொருளின் பெயரே வரவில்லையே என்று முதலாளி வருத்தத்தோடு சொல்லி, ஹனீபாவைத் தேர்ந்தெடுத்தார்.

வெளியே ஹனீபா கேட்டார்: "புள்ளியப் பாக்கல்லியா? ஒங்கட அண்ணனப் பாக்க நீங்க போகவேணுமெண்டுதானே வச்சேன்."

"பாத்தேன், ஹனீபா நானா."

"பெறகு?"

நகக்கண்ணில் சுண்ணாம்பு இருந்தது. கையைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

ஊரில் என்னைக் கண்டிக்காரன் என்கிறார்கள், கண்டியில் இந்தியாக்காரன். அண்ணனை அந்தத் தீவில் என்னவென்று சொல்கிறார்களோ.

மறுநாள் காலை ரயிலில் ஹனீபா கப்பலேறக் கொழும்புக்குப் போனார். அண்ணனுக்கு நான் கொடுத்தனுப்பிய கருப்பட்டியை அந்தப் பழுப்புத் தாளிலேயே சுற்றியிருந்தேன். கடையை நான் திறந்தேன்.