கண்ணாடி கழற்றிய படம்

என் மாமியார் அந்தப் படத்தை மாதா என்றுதான் கும்பிட்டு வந்தார். அதில் இருப்பது மாதா இல்லை. கவசம் போட்ட வீரன் ஒருவன் மண்டியிட்டிருக்கிறான். அவன் போருக்குக் கிளம்புமுன் ஒரு சீமாட்டி தன் சிவப்புத் துணியை அவன் தோளில் கட்டிவிடுகிறாள். விக்டோரியா காலத்தில், ரயிலெல்லாம் ஓட ஆரம்பித்த பிறகு, யாரோ ஓர் ஆங்கிலேயர் பழங்காலத்து வீரர்களை நினைத்து ஏங்கி வரைந்த நீர்வண்ணப் படம். மாமனாரின் தாத்தா ஏலத்தில் எடுத்ததாம். சீமாட்டியின் தலைக்குப் பின்னால் தங்க நிறத்தில் ஒரு வட்டச் சன்னல். மாமியாருக்கு அந்த வட்டம் போதும்.

லாஸ்பேட்டையில் ஒரு பள்ளியில் ஓவியம் சொல்லித்தருகிற நான், கல்யாணமான புதிதில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் இதைச் சொல்லிவிட்டேன். அதன் பிறகு சாப்பாடு, துணி, கேஸ் சிலிண்டர் தவிர எங்களுக்குள் பேச்சில்லை.

போன மாதம் மாமியாருக்கு இதயத்தில் ஆப்பரேஷன் என்று முடிவானது. கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டிய காலையில், வீடு மந்திரிக்க எங்கள் சர்ச் சாமியாரை வரவழைத்தார். என்னிடம் படத்தின் கண்ணாடியைக் கழற்றச் சொன்னார்.

"கண்ணாடி மேல தீர்த்தம் பட்டா கண்ணாடிக்குத்தான் ஆசீர்வாதம்."

"அத்தே, தண்ணி பட்டா சாயம் கரைஞ்சிடும்."

"மாதாவுக்கு ஒண்ணும் ஆவாது. கழட்டு."

கழற்றினேன். ஒரு சொட்டு விழுந்தாலும் அந்தத் துணியின் சிவப்பு, வீரனின் மார்பில் ரத்தமாக வழியும். அதைப் பார்த்தால் மாமியார் ஆப்பரேஷனுக்கு வரவே மாட்டார். வராவிட்டால் என்ன ஆகும் என்பதை டாக்டர் எங்களிடம் ஒளிக்காமல் சொல்லியிருந்தார்.

சாமியார் சமையலறையில் தெளித்தார், கூடத்தில் தெளித்தார். தாராளமான கை அவருக்கு. கடைசியில் படத்தின் முன் வந்து கையை ஓங்கினார். நான் யோசிக்கவில்லை, குறுக்கே போய் நின்றுவிட்டேன். முகம், கழுத்து, முந்தானை எல்லாம் தண்ணீர். சாமியார் திகைத்துப்போனார். என் கணவர் தரையைப் பார்த்தார்; அவருக்குத் தெரிந்தது அதுதான்.

மாமியார் படத்தருகே போய் உற்றுப் பார்த்தார். ஒரு சொட்டுக்கூட இல்லை. பிறகு என்னைப் பார்த்தார். திட்டு விழும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"ஆசீர்வாதத்த பூரா நீயே வாங்கிக்கிட்ட," என்றார். "அப்போ நீ என்கூட வா. இவன் வேணாம்."

ஆட்டோவில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் ஈர முந்தானையின் நுனியை விரலில் சுற்றிப் பிடித்திருந்தார். வார்டு வாசலில் நர்ஸ் என்னை வெளியே நிற்கச் சொன்ன பிறகும் விடவில்லை. விடுங்கள் என்று சொல்ல எனக்கும் மனசு வரவில்லை.