மிக்கேலின் லாரிக்கு மாக்னெட்டோ வேண்டுமா?

1. அம்மாண்டிவிளை ஏற்றம்

நான் கிளீனராக வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே லாரி அம்மாண்டிவிளை ஏற்றத்தில் நின்றுவிட்டது. பின்னால் கூடை கூடையாகச் சாளை மீன். ஸ்டார்ட் செய்யும் ஹாண்டிலைச் சுற்றிச் சுற்றித் தோள் கழன்றதுதான் மிச்சம். லாரிக்குச் சொந்தக்காரரும் டிரைவருமான மிக்கேல் பக்கத்தில் நின்று, "சவத்து வண்டி, நெனைச்சா ஓடும், நெனைச்சா படுக்கும், மக்கா" என்றார்.

ஒருவழியாகக் கிளம்பிக் கோட்டாறு சந்தைக்குப் போனபோது உச்சி வெயில். மீன் தரகர் ஒரு கூடையைத் திறந்து பார்த்துவிட்டு உடனே மூடினார்.

"ஓய் மிக்கேலு, இது திங்கதுக்கா, தெங்குக்கு ஒரம் போடதுக்கா? இன்னொருக்க பிந்தினா உம்ம மீனு எனக்கு வேண்டாம் கேட்டீரா. கொளச்சல் லாரி விடியதுக்குள்ள வந்து நிக்குது."

மிக்கேல் கடியப்பட்டணத்துக்காரர். வள்ளத்தை விற்று இந்தப் பழைய அமெரிக்க லாரியை வாங்கியிருந்தார். தரகர் கைவிட்டால் அவருக்குக் கடலும் இல்லை, ரோடும் இல்லை. திரும்பும் வழியில் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "இதைச் சரியாக்க முடியுமா, முடியாதா?"

முடியும் என்றேன். ஐந்தாம் வகுப்போடு ஓடிப்போனவன் நான். தூத்துக்குடி, கொழும்பு, மலையில் தேயிலைத் தோட்டம் என்று சுற்றியதில், பசியோடு சேர்த்து என்ஜினையும் கொஞ்சம் படித்திருந்தேன்.

2. பெட்டி

அந்தக் காலத்து லாரியில் ஓட்டுபவருக்கு முன்னால் ஒரு மரப்பெட்டி இருக்கும். அதற்குள் சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு காயில். என்ஜினின் சுழல் சக்கரத்திலுள்ள காந்தங்கள் அவற்றுக்குக் கரண்ட் தரும். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு தகட்டு நாக்கு. அது அதிர்ந்து ரீங்காரமிட்டால்தான் பிளக்கில் பொறி வரும். கடற்கரை ஈரத்தில் அந்தப் பெட்டி எப்போதும் தகராறுதான்.

இதற்கு மாற்று இரண்டு. ஒன்று, பாட்டரியும், பொறியைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரும். எங்கள் லாரியில் டைனமோ கிடையாது. பாட்டரியை அடிக்கடி நாகர்கோவிலுக்குத் தூக்கிப் போய் சார்ஜ் செய்ய வேண்டும். இன்னொன்று, தனியாக மாட்டும், தானே கரண்ட் உண்டாக்கிப் பொறி தரும் ஹைடென்ஷன் மாக்னெட்டோ. பாட்டரி வேண்டாம், இரும்புக் கூட்டுக்குள் எல்லாம் பத்திரமாக இருக்கும். நாகர்கோவில் ஒர்க்ஷாப் ஒன்றில், உடைத்துப் போட்ட பஸ்ஸிலிருந்து கழற்றிய மாக்னெட்டோ விலைக்குக் கிடந்தது. அதைக் கையில் எடுத்துச் சுற்றிப் பார்த்த நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

மீதமிருந்த வலைகளை விற்றால் வாங்கலாம் என்று மிக்கேல் கணக்குப் போட்டார். வலை வாங்க ஓர் ஆளுக்கும் சொல்லிவிட்டார்.

3. எண்ணெய்

கழற்றுமுன் பழைய பெட்டியை முழுதாகப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே விரல் வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டியது. முகர்ந்தேன். சுறா எண்ணெய்.

"அண்ணே, இதுக்குள்ள எண்ணெய் விட்டது யாரு?"

"நாந்தான். மரமில்லியா? உப்புக்காத்துல மரம் எண்ணெய் குடிக்காண்டாமா? வள்ளத்துக்குப் பூசாம எவனாவது கடல்ல எறக்குவானா?"

லாரியின் தட்டிப் பலகை, படிப்பலகை, காயில் பெட்டி எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெய் பூசி வந்திருக்கிறார். அதன் பிசுக்கில் உப்பும் தூசியும் படிந்து, பிளக்குக்குப் போக வேண்டிய கரண்ட் மரத்தின் வழியே ஒழுகிப் போயிருக்கிறது. இதைச் சொன்னதும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் மனைவி ரோசம்மாள் சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"நல்ல வேளை, என் தையல் மிஷினுக்குப் பூசாம விட்டாரே மனுசன்!"

ஆனாலும் எனக்கு மாக்னெட்டோ ஆசை விடவில்லை. "மழை வந்தா இந்தப் பெட்டி மறுபடி மக்கர் பண்ணும்க்கா. மாத்திருவோம்" என்றேன்.

ரோசம்மாள் சிரிப்பை நிறுத்தினார். "அந்த இரும்புக் கூடு கெட்டா யாரு தொறப்பா?"

"நான்."

"நீ இன்னும் எத்தனை காலம் இங்க கெடப்ப? நெஞ்சைத் தொட்டுச் சொல்லு."

எந்த ஊரிலும் நான் நிலைத்ததில்லை. பொய் சொல்ல வாய் வரவில்லை. "தெரியாதுக்கா" என்றேன்.

"பொறவு? வலையும் போயி, தொறக்கத் தெரியாத ஒரு சாமானும் வந்து, நீயும் போயிட்டா, நாங்க என்ன செய்யட்டு?"

வலை வாங்க வந்தவனுக்கு மழை தொடங்கும்வரை தவணை சொல்லி அனுப்பினோம். பெட்டியைப் பெட்ரோலால் கழுவி, வெயிலில் உலர்த்தி, உள்ளே அரக்கு வார்னிஷ் பூசினேன். நாக்குகள் தொடும் பாயின்ட்களை அரம் போட்டுச் சமன் செய்தேன். பெட்டிக்கு ரப்பர் துணியில் உறை தைத்தது ரோசம்மாள். பிறகு மிக்கேலை உட்கார வைத்தேன். என்ஜின் ஓடும்போது ஒவ்வொரு நாக்காக விரலால் அமுக்க வேண்டும். அமுக்கியும் என்ஜின் சத்தம் மாறாவிட்டால் அந்தக் காயில் செத்தது. அதைப் பிடுங்கிவிட்டு, நாகர்கோவிலில் வாங்கி வைத்த ஸ்பேர் காயிலைச் செருக வேண்டும். அவ்வளவுதான். கையில் ஷாக் அடித்து நாலைந்து தடவை கெட்ட வார்த்தை சொன்னார். விடவில்லை.

4. மழை

முதல் பெருமழை நாளில் கடலில் நல்ல மீன்பாடு. லாரி நிறையச் சாளை. வெள்ளிச்சந்தை தாண்டும்போது என்ஜின் நொண்டத் தொடங்கியது. லோடோடு இழுக்க முடியவில்லை. மிக்கேல் ஓரங்கட்டினார். நான் பெட்டியை நோக்கிக் கையை நீட்டினேன்.

"நீ எறங்கி அங்க நில்லு" என்றார் மிக்கேல்.

இறங்கி மழையில் நின்றேன். பின்னால் குளச்சல் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது. அதன் டிரைவர் தலையை நீட்டி, "மிக்கேலண்ணே, மீனைத் திருப்பிக் கடல்ல விடும்!" என்று கத்தினான். மிக்கேல் நிமிரவில்லை. உறையை விலக்கி, ஒரு நாக்கை அமுக்கினார். சத்தம் இறங்கியது. அடுத்ததை அமுக்கினார். இறங்கியது. மூன்றாவதை அமுக்கியபோது சத்தம் அப்படியே இருந்தது. அந்தக் காயிலைப் பிடுங்கி மடியில் போட்டுவிட்டு ஸ்பேரைச் செருகினார். என்ஜின் பிடித்துக்கொண்டு சீராக ஓடியது.

"ஏறுலே, என்ன பாத்துட்டு நிக்க!"

கோட்டாற்றில் தரகர் கூடையைத் திறந்தார். ஒரு சாளையை எடுத்துச் செவுளைப் பிரித்துப் பார்த்தார். "எறக்கும் ஓய்" என்றார். மிக்கேல் வலையை விற்கவில்லை.

மழைக்காலம் முடிந்ததும் நான் கிழக்கே கிளம்பிவிட்டேன். பிற்பாடு ஒரு தேயிலைத் தோட்டத்து லாரிக்கு நானே மாக்னெட்டோ மாட்டினேன். அங்கே ஒர்க்ஷாப் இருந்தது, ஃபிட்டர் இருந்தார். அது சரியான வேலை. பழைய வண்டிக்குப் புதுச் சாமான் போடலாமா என்று இப்போது பையன்கள் என்னிடம் கேட்டு வருகிறார்கள். சாமானின் விலையையும் பெருமையையும் நான் விசாரிப்பதில்லை. வழியில் நின்றால் யார் அதைத் திறக்கப் போகிறார் என்று கேட்கிறேன். அதற்கு ஒரு ஆளைக் காட்டினால் மாட்டிக் கொடுக்கிறேன். காட்டாவிட்டால் பழையதைக் கழுவிக் கொடுத்து அனுப்புகிறேன்.