விழிஞ்ஞத்தில் கவிழ்ந்த குடம்

ஈரமான கூடாரப் "படுதா"வின் புழுங்கல் நாற்றம் மூக்கில் பட்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பொன்முடித் தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் கழித்துப்போட்ட கூடாரத்தை எங்கள் சித்தப்பா பெரிய சீதனம் போல வாங்கிவந்து, அந்தக் கோடை விடுமுறையில் என்னையும் தங்கை செல்லத்தையும் முதலில் காட்டுக்கு இழுத்துப்போய் அட்டைக்குத் தீனியாக்கினார். அது போதாதென்று அடுத்த வாரமே விழிஞ்ஞம் கடற்கரைக்கு வண்டி கட்டினார். எனக்குப் பத்து வயது, அவளுக்கு ஆறு. துரையைப் போல வெட்டவெளியில் தங்கவேண்டும், ஆனால் "ஆசாரம்" கெடக்கூடாது என்பது சித்தப்பாவின் கொள்கை. ஆகவே எங்கள் வீட்டுக் கிணற்று நீரை ஒரே ஒரு செப்புக் குடத்தில் கொண்டுபோனோம். வேறு யார் தண்ணீரும் ஆகாது.

சமமான மணலாகப் பார்த்து அவர் முளையடித்த இடம், மீனவர்கள் கரையிலிருந்து வலை இழுக்கும் வழி.

"இவிட கெட்டாதீங்கோ சாமி, காலத்தே வலை வலிக்கணும்," என்று ஒரு கிழவர் கும்பிட்டு, விடிகாலையில் வலை இழுக்க வழி கேட்டார்.

"கடற்கரை என்ன உங்கப்பன் சொத்தா?" என்று எரிந்து விழுந்தார் சித்தப்பா.

மறுநாள் காலையில், ஊரே சேர்ந்து இழுத்த வலைக்கயிறு வந்து முளைகளைப் பெயர்த்துக் கூடாரத்தைச் சாய்த்தது. குடம் கவிழ்ந்தது. ஒரு சொட்டு மிஞ்சவில்லை. வண்டியோ சாயங்காலம்தான் வரும்.

உச்சி வெயிலில் செல்லம் உதடு வெடித்துச் சுருண்டு கிடந்தாள். மீன்காரி ஒருத்தி சிரட்டையில் தண்ணீர் கொண்டுவந்து, செல்லத்தைக் காட்டி, "கொச்சு வாடிப்போச்சு சாமி, இத்திரி வெள்ளம் குடிக்கட்டு," என்றாள். சித்தப்பா கையை ஓங்கி அவளை விரட்டினார். "ஒரு வேளை ஜலமில்லாட்டா யாரும் செத்துப்போயிட மாட்டா. பொறுத்துக்கோ கோந்தே," என்று செல்லத்திடம் சொல்லிவிட்டு எங்கோ நடந்தார். அவள் கண் செருகத் தொடங்கியதும் நான் பயந்துபோய், அழுதுகொண்டே அவரைத் தேடி ஓடினேன். கரையேற்றிய வள்ளத்தின் மறைவில், அதே மீன்காரியின் பானையைத் தூக்கிச் சாய்த்து, பூணூல் நனைய நனையக் குடித்துக்கொண்டிருந்தார் மனுஷர்!

திரும்பி ஓடிச் செல்லத்தைத் தூக்கி வந்து, கரையிலிருந்த எல்லோரும் பார்க்க அந்தப் பானைத் தண்ணீரையே குடிக்கவைத்தேன், நானும் குடித்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் சித்தப்பா முதலில் சொன்னது எங்கள் குற்றத்தைத்தான். அம்மா எங்கள் வாயில் பஞ்சகவ்யத்தை ஊற்றினாள். அதற்குக் கூசாமல் மந்திரம் சொன்னவர் சித்தப்பாவேதான். "அவரும் குடிச்சார்!" என்றேன். பளாரென்று அறை விழுந்தது.

வலை இழுத்த அந்த மணலை இன்று துறைமுகத்துக்காகப் பாறாங்கல்லைக் கொட்டி மூடிவிட்டார்கள். சித்தப்பாவும் போய்ச் சேர்ந்து, கூடத்துச் சுவரில் சந்தன மாலையோடு தொங்குகிறார். "அப்படி ஓர் ஆசாரசீலர் இனிப் பிறக்கணும்" என்கிறார்கள். அவருடைய திவசத்தன்று செல்லம்கூட விழுந்து கும்பிடுகிறாள். நான் கும்பிடுவதில்லை. ஒரு தம்ளர் நிறையத் தண்ணீர் எடுத்துப்போய் அந்தப் படத்தின் முன்னால் வைப்பேன். இனியாவது எல்லோரும் பார்க்கக் குடிக்கட்டும்.