தமிழ்ப் பக்கத்துக்கு ஒரு கணினி

செவ்வாய்க்கிழமை காலை ஆறு நாற்பது. கறுத்த திரையில் வெள்ளையாக ஒரே ஒரு ஆங்கில வரி: டிஸ்க் கிடைக்கவில்லை. அதன் முன்னால் என் மனைவி, ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, மூக்குக் கண்ணாடியைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

"போச்சா?" என்று கேட்டேன்.

"நேத்து நல்லாத்தான் இருந்துச்சு. மூடுறப்ப ஒரு சத்தம். கல்லு மாட்டின பிளண்டர் மாதிரி."

மூன்று முறை அணைத்துப் போட்டேன். மூன்று முறையும் அதே வரி.

வியாழக்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது. எங்கள் ஊர் மாசாயில் நாங்கள் போகும் தேவாலயத்தின் ஞாயிறு அறிக்கைத்தாளில் ஆங்கிலத்துக்கு இரண்டு பக்கம், மலாய்க்கு ஒன்று, தமிழுக்கு ஒன்று. தமிழ்ப் பக்கத்தைப் பத்தொன்பது ஆண்டுகளாக அவள்தான் தட்டச்சு செய்கிறாள். வியாழன் நண்பகலுக்குள் அது பங்கு அலுவலகத்துக்குப் போக வேண்டும். அந்த ஆண்டில் மட்டும் ஃபாதர் இரண்டு முறை கேட்டுவிட்டார், தமிழ்ப் பக்கத்தை எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று. ஒரு வாரம் அது வராமல் போய், ஏன் வரவில்லை என்று யாரும் கேட்காமலும் போனால் பக்கம் போய்விடும். இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தவனுக்குப் பதற்றம் வந்தால் கை அதற்குத்தான் போகும். எதை வாங்குவது என்று மூன்று பேரைக் கேட்டேன். எந்த நிறுவனத்தின் பெயரையும் செய்தியில் இலவசமாகப் போடக்கூடாது என்பது எங்கள் விளம்பரப் பகுதியின் சட்டம். அந்தப் பழக்கத்தில் ஒவ்வொரு கணினி வகையையும் அதன் சின்னத்தை வைத்து ஜன்னல், பழம், பென்குயின் என்றே குறித்துக்கொண்டேன். உலகத்தில் கணினி வைத்திருக்கும் எல்லோரும் இந்த மூன்று கட்சிகளில் ஒன்று என்பதும், ஒவ்வொரு கட்சிக்கும் மற்ற இரண்டும் முட்டாள்கள் என்பதும் அன்று மாலைக்குள் தெரிந்துவிட்டது.

பென்குயின் கட்சிக்காரர் என் மனைவியின் தம்பி. பொந்தியானில் இருக்கிறார். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். காசு கொடுத்து மென்பொருள் வாங்குவதைப் பாவம் என்று நினைப்பவர். அவருக்குத்தான் முதலில் போன் செய்தேன்.

"புதுசே வாங்காதீங்க அத்தான். பழைய பெட்டி போதும். டிஸ்க மாத்தி நம்ம சாமான ஏத்திடலாம். அக்காவோட கைக்கு..."

"எப்ப வருவ?"

"சனிக்கிழமை வரேன்."

"எனக்கு வியாழக்கிழமை வேணும்" என்று வைத்துவிட்டேன். நோட்டில் எழுதியது: 'இலவசம். சனி. வேண்டாம்.' அவர் முடிக்காத வாக்கியத்தை எழுதவில்லை. பேசுபவர் வாக்கியத்தை முடிக்கும்வரை பேனாவை மூடாதே என்று எத்தனையோ புது நிருபர்களைத் திட்டியவன் நான்.

மாலையில் மற்ற இரு கட்சிகளும் எங்கள் வரவேற்பறையில் கூடின. மருமகன் பாசிர் கூடாங் தொழிற்சாலையில் டெக்னிஷியன், ஜன்னல் கட்சி. மகன் தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூரில் வேலை செய்பவன், பழக் கட்சி.

"மாமா, ஜன்னல் வாங்குங்க. கெட்டுப் போச்சுன்னா மாசாயில எந்தக் கடையிலயும் பிரிச்சுப் பாப்பான். பழம் கெட்டா ஆஸ்பத்திரி மாதிரி அப்பாயின்மெண்ட் எடுக்கணும்."

"கெட்டாதானே மச்சான்? உங்க ஜன்னல் நாலு வருஷத்துல மூச்சு வாங்கும். அம்மாவுக்கு வைரஸ் தொல்லையெல்லாம் வேணாம்."

"வைரஸா? எந்தக் காலத்துல இருக்கீங்க? உங்களுக்கு ஒரு வயர் வாங்கவே ஒரு கடைக்குப் போணும், அலமாக்!"

"பேட்டரி பதினெட்டு மணி நேரம் நிக்கும்."

"அத்தை என்ன பிளேன்லயா உக்காந்து டைப் பண்ணப் போறாங்க?"

திரை, எடை, பேட்டரி, உதிரி பாகம். இரண்டு பத்தியாகப் பிரித்து, ஒன்றரை மணி நேரத்தில் நான்கு பக்கம் எழுதினேன். அவள் சமையலறையிலிருந்து ஒருமுறை எட்டிப் பார்த்தாள்.

"எதுல என் கை ஓடும்?"

"தமிழ் எல்லாத்துலயும் இருக்கு" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அன்று அவர்கள் ஒத்துப்போனது அதில் மட்டும்தான். அதையும் குறித்துக்கொண்டேன்.

புதன்கிழமை பிற்பகல் அவளே சொன்னாள், "வாங்க, நான் தட்டிப் பாக்குறேன்." உலு திராமில் ஒரு கடைக்குப் போனோம். காட்சி மேசையில் ஜன்னலும் பழமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. விற்பனைப் பெண், தலையில் தூடோங் கட்டிய மலாய்க்காரி, அன்பாகத்தான் இருந்தாள். அமைப்புகளைத் திறந்து, தமிழைச் சேர்த்து, "தமிழ் அடா, ஆன்ட்டி" என்று, இருக்கிறது என மலாயில் சொல்லிக் காட்டினாள். தமிழ் இருந்தது.

என் மனைவி ஜன்னலின் முன் உட்கார்ந்து வழக்கமான வேகத்தில் ஒரு வரி தட்டினாள். திரையில் வந்தது எந்த மொழியும் இல்லை. பழத்தில் தட்டினாள். அதே குப்பை, இன்னும் அழகான எழுத்தில்.

விஷயம் எளிது. அவள் எங்கள் நாளிதழில் அச்சுக்கோப்புப் பிரிவில் இருந்தவள். கற்றது தட்டச்சுப் பொறியில். 'கொ' வேண்டுமென்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால்; கண் பார்க்கும் வரிசையில் கை போகும். புதிய விசைப்பலகைகளில் முதலில் க. எழுத்துகள் உட்கார்ந்திருக்கும் இடமும் வேறு. பத்திரிகை பழைய மென்பொருளைக் கைவிட்டபோது அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, அதிலேயே இத்தனை ஆண்டு ஓட்டியிருந்தாள். அவள் விசைகளைப் பார்ப்பதே இல்லை.

"பழைய டைப்ரைட்டர் முறை இருக்கா பாருங்க" என்றேன். அந்தப் பெண் பத்து நிமிடம் தேடினாள். பட்டியல் நீளமானது; எங்கோ இருந்திருக்கலாம். எதைத் தேடுகிறோம் என்பது அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. தெரிந்தவர் பொந்தியானில் இருந்தார். அவரைக் கூப்பிடலாம் என்று எனக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்தால் மேசையில் பழம் இருந்தது. அம்மாவுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று மகன் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்திருந்தான். "தமிழ் போட்டு வச்சிருக்கேன்மா, தொறந்தா போதும்." அவன் முகத்தைப் பார்த்து அவள் "அழகா இருக்குய்யா" என்றாள். மருமகனுக்குச் செய்தி போனதும் அவரிடமிருந்து ஒற்றைக் கட்டைவிரல் வந்தது. அதன் பிறகு நான்கு நாள் அவர் பேசவில்லை.

வியாழன் காலை ஏழரைக்கு அவள் உட்கார்ந்தாள். எந்த விசையில் எந்த எழுத்து என்ற படத்தை நான் அச்சிட்டுக் கொடுத்திருந்தேன். அதைப் பார்த்து, விசையைப் பார்த்து, திரையைப் பார்த்து, ஒரு விரலால் தட்டினாள். முழுப் பக்கத்தையும் நாற்பது நிமிடத்தில் முடிக்கிறவள், ஒன்பது மணிக்கு மூன்றாம் வரியில் இருந்தாள்.

"நான் சொல்லச் சொல்ல அடிக்கிறியா?"

"வாய மூடிக்கிட்டு இருங்க, போதும்."

பதினொன்றரைக்கு அலுவலகத்திலிருந்து எழுத்தர் அழைத்தார். "இல்லன்னா பரவால்ல ஆன்ட்டி. இந்த வாரம் ரெண்டு மொழி போதும்னு ஃபாதர் சொல்றாரு."

"வருது. பன்னெண்டு ஆகலையே" என்றாள்.

பதினொன்று ஐம்பத்தைந்துக்கு அனுப்பினாள். பதினொரு வரி. ஒரு ஜோடிக்கு மூன்றாம் திருமண ஓலை. அந்த அறிவிப்பு மூன்று ஞாயிறு வந்தாக வேண்டும். நோயாளிகள் இருவரின் பெயர். ஓர் அடக்கத் திருப்பலியின் நேரம். வாரந்தோறும் அந்தப் பக்கத்தின் பாதியை நிரப்பும் என் நற்செய்திச் சிந்தனையை அவள் தொடவே இல்லை. நான் கேட்கவும் இல்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் வெட்டியிருப்பேன்.

சனிக்கிழமை பொந்தியான்காரர் வந்தார். பழைய பெட்டியைத் திறந்து, டிஸ்க்கை மாற்றி, பென்குயினை ஏற்றி, பட்டியலில் ஓரிடத்தில் தட்டினார். எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம். "இப்ப அடி அக்கா." அவள் கொம்பை முதலில் தட்டினாள். அடுத்து வந்த க அதோடு போய் ஒட்டிக்கொண்டது. கீழே பார்க்காமல் நான்கு வரி ஓட்டினாள்.

"இதத்தானே அத்தான் செவ்வாக்கிழமை சொல்ல வந்தேன்? நீங்க போன வச்சுட்டீங்க." பழத்திலும் இது இருக்கும், இருக்கும் இடம் தெரிந்தால் போதும் என்று சேர்த்துச் சொன்னார். நான் தேநீர் கொண்டுவரப் போனேன்.

ஞாயிறு தாளில் மலாய்ப் பக்கத்தின் அடியில் தமிழ் இருந்தது. தமிழ் இருந்த இடத்தில் இளைஞர் முகாமின் படங்கள். பூசை முடிந்து வாசலருகே அரை மணி நேரம் நின்றேன். பக்கம் எங்கே என்று யாரும் அலுவலகத்தில் கேட்கவில்லை. எழுத்து சின்னதாக இருக்கிறது என்று ஓர் அம்மா என் மனைவியிடம் சொன்னார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பழைய பெட்டியில் முழுப் பக்கத்தையும் முப்பத்தெட்டு நிமிடத்தில் அடித்து, அன்றே அனுப்பினாள். நாற்பத்தாறு வரி. புதன்கிழமை காலை எழுத்தரிடமிருந்து செய்தி வந்தது: லேஅவுட் முடிவு செய்தாகிவிட்டது, இனி தமிழுக்குப் பதினொரு வரி.