கிடேரி பார்த்துக்கொண்ட மாப்பிள்ளை

வயல் அவருக்கு, மாடு எனக்கு. கல்யாணமான புதிதிலிருந்தே எங்கள் வீட்டில் இதுதான் ஏற்பாடு. நாற்று விடுவதிலும் உரம் வைப்பதிலும் நான் தலையிட மாட்டேன். கொட்டகைப் பக்கம் என் கணவர் வருவது மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வண்ணம் அடிக்க மட்டும்தான். நன்றாகப் போய்க்கொண்டிருந்த இந்த ஏற்பாட்டைக் கெடுத்தவன் ஆஸ்திரேலியாவில் இருக்கும் என் கொழுந்தன்.

நான் இந்த வீட்டுக்கு வந்தபோது அவன் அரைக்கால் சட்டைப் பையன். அதனால் இன்றைக்கும் எனக்கு அவன் வாடா போடாதான். அங்கே ஒரு பெரிய மாட்டுப் பண்ணையில் வேலை பார்க்கிறான். ஷார்ட்ஹார்ன் என்று ஒரு இனம். சில மாடுகள் செங்கல் நிறம், சில வெள்ளை, சில இரண்டும் கலந்து கோலப்பொடி தூவினாற்போல இருக்கும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோவில் வந்து அண்ணனுக்குக் காளைகளைக் காட்டுவான். இவர் குத்தாலம் கடைத்தெருவில் வாங்கிய மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பெண் பார்க்கப் போன இடத்தில் உட்காருகிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து பார்ப்பார்.

"யப்பா! கழுத்தைப் பாரு. டிராக்டர் மாதிரி நிக்குது. இதுல ஒண்ணு நம்ம கிடேரிக்குப் போட்டா எப்படி இருக்கும்?"

"அண்ணே, கழுத்தைப் பாத்து ஏமாறாதீங்க" என்றான் கொழுந்தன். "முதல் ஈத்துக் கிடேரிக்குக் காளை தேடும்போது நாங்க பாக்கறது வேற. அந்தக் காளை பொறந்தப்ப என்ன எடை, அதுக்குப் பொறந்த கன்னெல்லாம் லேசா வெளிய வந்துச்சா, அதைத்தான் கேப்போம். தோள் ஒடுக்கமா இருக்கணும். கன்னு சின்னதாப் பொறக்கணும், பொறந்தப்புறம் மளமளன்னு சதை வைக்கணும். அப்பத்தானே கறிக்கு..."

இவர் சட்டென்று போனின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கொட்டகையை எட்டிப் பார்த்தார். கிடேரியின் காதில் விழுந்துவிடுமாம்.

கொழுந்தன் சொன்னதில் பாதிதான் இவர் மண்டையில் ஏறியது. காளையை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்பது அந்தப் பாதி. மறு பாதியை நான் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் கிடேரி இன்னும் ஈனாத இளசு, சின்ன உருப்படி. நாட்டுக் கலப்பு, இடுப்பு ஒடுக்கம், கண்ணில் மட்டும் ஊர்ப்பட்ட திமிர். அதற்கு முந்தின வருஷம் கீழத்தெருவில் ஒரு வீட்டில் இதே மாதிரி ஒரு கிடேரிக்கு எச்.எஃப். சினை ஊசி போட்டிருந்தார்கள். கறுப்பு வெள்ளைத் திட்டுகளோடு குடம் குடமாகப் பால் கறக்குமே, அந்தப் பெரிய சீமை இனம். கன்று பெருத்துப்போய் வழியில் மாட்டிக்கொண்டது. நாலு ஆம்பளைகள் கயிறு கட்டி இழுத்தார்கள். நான்தான் தலைமாட்டில் உட்கார்ந்து அதன் முகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கன்று செத்துத்தான் வந்தது. தாயும் அப்புறம் எழுந்து நிற்கவே இல்லை. அந்த முனகல் வெகுநாள் என் காதை விட்டுப் போகவில்லை. அதனால் என் கிடேரிக்குச் சின்ன ஜாதியான ஜெர்சிதான் என்று நான் முடிவு செய்து வைத்திருந்தேன்.

வைகாசியில் ஒரு நாள் விடியற்காலையிலேயே கிடேரி கத்த ஆரம்பித்தது. பருவத்துக்கு வந்துவிட்டது. நான் காபி போடுவதற்குள் இவர் ஊசிக்காரருக்குப் போன் போட்டுவிட்டார். ஊசிக்காரர் என்றால் சினை ஊசி போடுகிறவர். உறைந்த விந்துக் குச்சிகளை ஒரு பெரிய கேனில் வைத்து பைக்கில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்.

"ஷார்ட்ஹார்ன் இருக்கா?" என்று இவர் கேட்டது எனக்குச் சமையலறையில் கேட்டது.

இவர் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். "அப்படின்னா என்னங்கண்ணே?" என்றார் ஊசிக்காரர்.

"சரி விடுங்க. எச்.எஃப். இருக்கில்ல? அதையே கொண்டாங்க. நல்லா பெரிய காளையாப் பாத்து."

இவர் பல் தேய்க்கக் கொல்லைக்குப் போனதும் நான் அதே ஊசிக்காரருக்குப் போன் போட்டேன். "தம்பி, ஜெர்சி கொண்டாங்க. அண்ணன் கேட்டா எச்.எஃப்.னு சொல்லிடுங்க."

"சரிங்கக்கா" என்றார் அவர். கொஞ்சமும் தயங்கவில்லை. இது எங்கள் பக்கத்து வீடுகளில் வழக்கமாக நடப்பதுதானோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

ஒரே ஒரு சிக்கல். குச்சியின் மேல் பொடி எழுத்தில் எல்லாம் அச்சடித்திருக்கும். ஆகவே இவருடைய மூக்குக் கண்ணாடியை எடுத்து அரிசி டின்னுக்குள் போட்டு மூடி வைத்தேன்.

ஊசிக்காரர் வந்து கேனைத் திறந்தார். வெள்ளைப் புகை பொங்கி வழிந்தது. இடுக்கியால் ஒரு குச்சியை எடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டார். இவர் சட்டைப் பையைத் தடவினார், அலமாரியைத் தடவினார், தன் நெற்றியையும் தடவிப் பார்த்தார்.

"என் கண்ணாடியப் பாத்தியா?"

"நான் எங்கங்க பாத்தேன்? வயக்காட்டுல விட்டுட்டு வந்திருப்பீங்க."

குச்சியை வாங்கி, கையை முடிந்தவரைக்கும் நீட்டிப் பார்த்தார். "எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. எச்.எஃப்.தானே?"

"வேற எதைங்கண்ணே கொண்டாருவேன்?" என்று சொல்லிவிட்டு ஊசிக்காரர் என்னைப் பார்த்து ஒரு கண்ணை மூடித் திறந்தார். எனக்குப் பரம திருப்தி. ஆனால் போகும்போது வாசலில் இவரும் ஊசிக்காரரும் ஏதோ குசுகுசுவென்று பேசிச் சிரித்தார்கள். அது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

ஆனியில் என் நாத்தனார் வீட்டுக்காரருக்கு அறுபதாம் கல்யாணம். திருக்கடையூரில். விடிவதற்கு முன்பே வேன் வந்துவிட்டது. கிளம்புகிற நேரத்தில் கிடேரி ஒரே கத்தல். நான் பட்டுச் சேலையில் கிளம்புவது அதற்குப் பொறுக்கவில்லை என்று நினைத்தேன். வைக்கோலும் தண்ணீரும் வைத்து, கழுத்துக் கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனோம். இருட்டுகிற வேளைக்குத் திரும்பி வந்தால், கயிறு அறுந்து தொங்குகிறது. கிடேரி வாசல் கேட்டுக்கு வெளியே சாதுவாக நின்று அசைபோட்டுக்கொண்டிருக்கிறது. முதுகு முழுக்கச் சேறு.

"வாய்க்கால்ல தண்ணி வந்திருக்குல்ல, போய்ப் புரண்டிருக்கு" என்றார் இவர். நானும் சேற்றைக் கழுவிவிட்டு, புதுக் கயிறு போட்டுக் கட்டினேன்.

புரட்டாசியில் ஊசிக்காரர் வந்து கையை விட்டுச் சோதித்தார். "சினைதான்" என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "ஆனா கணக்குக்குக் கொஞ்சம் சின்னதாத் தெரியுது" என்றார்.

எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோயிற்று. ஜெர்சி என்றால் சின்னதாகத்தானே இருக்கும்! இவர் முகம்தான் சுருங்கியது. அன்றிலிருந்து என்னைக் கேட்காமலே கிடேரிக்குப் புண்ணாக்கை அள்ளி வைக்க ஆரம்பித்தார். எச்.எஃப். பேரைக் காப்பாற்ற வேண்டுமாம்.

மாசிக் கடைசியில் ஈன வேண்டும். ஈனவில்லை. பங்குனி பிறந்தது. அப்போதும் ஒன்றுமில்லை. மடி இறங்கிவிட்டதா என்று நாளைக்குப் பத்துத் தடவை போய்ப் பார்த்தேன். நாள் தள்ளிப்போகப் போகக் கன்று உள்ளேயே பெருத்துவிடும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். வாசலில் குசுகுசுவென்று பேசிச் சிரித்ததும் ஞாபகம் வந்தது. ஊசிக்காரர் என்னை ஏமாற்றிவிட்டு இவர் கேட்டதையே போட்டுவிட்டாரோ? கீழத்தெருக் கிடேரியின் முனகல் மறுபடியும் காதில் கேட்டது.

"நீங்க வச்ச புண்ணாக்குதான் இப்படிப் பண்ணுது" என்று இவரைத் திட்டினேன். வழக்கமாகப் பதிலுக்குப் பதில் பேசுகிறவர், அன்றைக்குப் போய்க் கிடேரியின் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அவருக்கும் பயம்தான்.

ஒரு பகல் வேளை. இவர் உளுந்து பறிக்கிற ஆட்களோடு வயலில் இருந்தார். நான் மதியச் சோற்றை வடித்துவிட்டுக் கொட்டகைக்குப் போனால், கிடேரி படுப்பதும் எழுவதுமாக இருக்கிறது. தண்ணீர்க்குடம் உடைந்துவிட்டது. மாட்டு டாக்டருக்குப் போன் போட்டேன், வழியில் இருக்கிறேன் என்றார். இவருக்குப் போட்டேன், ஓடி வருகிறேன் என்றார். போனை இடுப்பில் செருகிவிட்டுத் திரும்பினேன். இரண்டு குளம்பு தெரிந்தது, அதன் மேல் மூக்கு தெரிந்தது. கிடேரி ஒரு தடவை மூச்சைப் பிடித்து முக்கியது. வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது கன்று. அவ்வளவுதான். நான் முந்தானையைச் செருகியதுகூட வீண்.

மூக்கிலிருந்த சளியைத் துடைத்துவிட்டேன். கன்று தும்மியது. கிடேரி எழுந்து, என்னைத் தலையால் ஒதுக்கித் தள்ளிவிட்டு நக்க ஆரம்பித்தது. பெண் கன்று. நான் அங்கேயே வைக்கோல் மேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிறத்தைப் பார்த்தேன். பழுப்பு கலந்த சிவப்பு. ஜெர்சியேதான்!

இவர் மூச்சிரைக்க ஓடி வந்தார். கன்றைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "நெத்தியில வெள்ளை பாரு, கால்ல வெள்ளை பாரு. எச்.எஃப்.னா எச்.எஃப்.தான்!"

"எச்.எஃப். கறுப்பால்ல இருக்கும்? இது செவப்பு. ஜெர்சி" என்று நான் வாயை விட்டுவிட்டேன்.

"ஜெர்சி எங்கேருந்து வந்துச்சு?"

பதில் சொல்வதற்குள் நல்லவேளையாகப் போன் அடித்தது. கொழுந்தன். இவர் போனைக் கன்றின் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"அண்ணே! செவப்பு, வெள்ளை! அப்படியே எங்க பண்ணை ஷார்ட்ஹார்ன் மாதிரியே இருக்கே!"

"ஏண்டா, நீ எப்படா அனுப்புன?" என்றேன் நான்.

இப்படி நாங்கள் மூன்று பேரும் ஒரு கன்றுக்கு அடித்துக்கொண்டிருக்கும்போது, அடுத்த தெருவில் இருக்கும் ரிட்டயர்டு கண்டக்டர் எட்டிப் பார்த்தார். இந்தப் பக்கத்து உம்பளாச்சேரி இனத்தில் ஒரு காளை வைத்திருக்கிறார். அதைக் கட்டிப்போட்டு யாரும் பார்த்ததில்லை. கண்டக்டர் கன்றை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார். பார்க்கப் பார்க்கச் சிரிப்பில் அவருக்குத் தோள் குலுங்கியது.

"நெத்தியில நட்சத்திரம், நாலு காலுக்கும் வெள்ளை சாக்ஸ், வால் நுனியும் வெள்ளை. உம்பளாச்சேரிக் கன்னு பொறக்கறப்ப இப்படித்தாங்க செவப்பா இருக்கும், ஆறு மாசத்துல சாம்பலாயிடும்." இவர் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். "வணக்கம் சம்பந்தி!"

எங்களுக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். "போன ஆனியில நீங்க ஊர்ல இல்லாத அன்னிக்கு, உங்க பொண்ணு கயித்தை அத்துக்கிட்டு நேரா எங்க கொல்லைக்கு வந்துடுச்சு. நாங்க ஒண்ணும் கூப்பிடலை. சாயங்காலம் நான்தான் ஓட்டியாந்து உங்க வாசல்ல விட்டுட்டுப் போனேன்."

"இத்தனை மாசமா ஏங்க சொல்லலை?" என்றார் இவர்.

"என்னன்னு சொல்றது? பொண்ணு வீட்டுக்காரங்க என்ன நினைப்பாங்களோன்னு இருந்துட்டேன்."

அப்போதுதான் எல்லாம் விளங்கியது. வைகாசியில் போட்ட ஊசி பிடிக்கவில்லை. மூன்று வாரம் கழித்து அது மறுபடியும் பருவத்துக்கு வந்து கத்தியிருக்கிறது, நான் பட்டுச் சேலை காரணம் என்று நினைத்திருக்கிறேன். நாள் தள்ளிப்போனதும் அதனால்தான். ஒடுக்கமான தோள், சின்னத் தலை, லேசான கன்று. கொழுந்தன் மணிக்கணக்கில் வீடியோ போட்டு விளக்கியதை எங்கள் கிடேரி யாரையும் கேட்காமல் பார்த்து முடித்திருந்தது.

மறுநாள் கண்டக்டர் தட்டில் தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை பாக்கோடு ஒரு கட்டுப் புல்லும் தூக்கிக்கொண்டு வந்தார். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. நான் சீம்பால் காய்ச்சிக் கொடுத்தேன். அந்த நேரம் பார்த்து ஊசிக்காரர் வந்து மாட்டிக்கொண்டார். நானும் இவரும் ஆளுக்கொரு பக்கம் நின்றோம்.

"உண்மையச் சொல்லுங்க. அன்னிக்குப் போட்டது எச்.எஃப்.பா, ஜெர்சியா?" என்றார் இவர். என் மேல் ஒரு பார்வை வேறு.

ஊசிக்காரர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கிண்ணத்திலிருந்த சீம்பாலைப் பார்த்தார்.

"அதான் பிடிக்கலையேண்ணே. பிடிக்காததுக்கு இப்ப என்ன பேச்சு?" என்று சொல்லிவிட்டு ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டார். இன்றுவரை அவரிடமிருந்து வேறு பதில் வரவில்லை.

இப்போது கன்று சாம்பல் நிறமாகிவிட்டது. கண்டக்டர் தினமும் வந்து, பேத்தி பேத்தி என்று கொஞ்சி வாழைப்பழம் ஊட்டிப் பழக்கிவிட்டார். பழகினது எங்கே நிற்கும்? காலையில் அவிழ்த்துவிட்டதும் நேராக அவர் வீட்டுக்குப் போய், அவருடைய மனைவி ஆசையாக வளர்க்கிற செம்பருத்தியை மொட்டையடித்துவிட்டுத்தான் வருகிறது. போன வாரம் அந்தம்மா என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார்.

"நான் என்னங்க செய்யறது சம்பந்தியம்மா?" என்றேன். "தாத்தா வீட்டுக்குப் போற புள்ளையக் கட்டியா போட முடியும்?"